‘ங்க’ வராத இடம்

வாஷிங் மெஷின் மெக்கானிக் ஒருவன் ஒரு விடுதிக்காரர் மேல் பொறாமைப்பட்டான். அந்த விடுதிக்காரருக்கு ரத்தமும் இல்லை, சதையும் இல்லை. கையடக்கத் திரை ஒன்றில், கட்டைவிரல் நகத்தளவு படமாக, ஒரு மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, வருகிறவர்களையெல்லாம் ‘வாங்க’ என்பார். அவ்வளவுதான் அவர். இதற்கா ஒருவன் வயிறு எரிவான் என்று கேட்பவர்கள் வாழ்க்கையில் சரியாகப் பொறாமைப்பட்டதே இல்லை என்று அர்த்தம். எரிய ஆரம்பித்துவிட்டால், எதிரே நிற்பது ஆளா படமா என்று வயிறு விசாரித்துக்கொண்டிருக்காது.

அந்த மெக்கானிக்குக்குக் கடைத்தெருவில் ‘முடிச்சிடலாம்’ என்று பெயர். எந்த மெஷினைக் கொண்டுபோய் இறக்கினாலும் மூடியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டான். பக்கவாட்டுத் தகட்டை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, “முடிச்சிடலாம்” என்பான். பெல்ட் அறுந்தாலும் அதே பதில்தான், உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தாலும் அதே பதில்தான். பெரும்பாலும் முடித்தும் விடுவான், அதில் சந்தேகம் இல்லை. முடிக்க முடியாதவற்றைக் கடையின் பின்பக்கம் தள்ளி, மேலே நீலத் தார்ப்பாய் ஒன்றைப் போட்டு மூடிவிடுவான். கேட்டால், “பார்ட்ஸ் வரணும்.” அந்தத் தார்ப்பாய் வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போனது. அவன் அதன் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவனை நான் ‘அவன், இவன்’ என்று சொல்லிக்கொண்டு போவதை மரியாதைக் குறைவு என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவன் ஏங்கியதே அதற்குத்தான்.

அவன் மனைவி ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தாள். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்கு மேலே மாடியில் இரண்டு அறை. கீழே பல்லைக் குடையும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, மேலே உட்கார்ந்து கேம் செய்கிறவர்கள். கையில் வைத்து ஆடும் கருவிக்கான ரோல்-பிளேயிங் கேம். அதில் ஒரு நாயகன் ஊர் ஊராகப் போவான், வழியில் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொள்வான், காட்டில் எதிர்ப்படும் ஜந்துக்களோடு ‘நீ ஒரு அடி, நான் ஒரு அடி’ என்று முறைவைத்து அடித்துக்கொள்வான். நாயகன் கடைசிவரை வாயைத் திறக்க மாட்டான். சுற்றி இருக்கிறவர்கள்தான் பேசுவார்கள். அந்தப் பேச்சை எழுதுவது அவள் வேலை.

“வாயத் திறக்காத ஆம்பளையச் சுத்தி எல்லாரும் பேசணும், அவ்வளவுதானே? எனக்கு வீட்லயே பயிற்சி இருக்கு” என்று அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொன்னாளாம்.

கருவி என்னவோ புத்தம்புதுசு. கேம் மட்டும் வேண்டுமென்றே பழைய பாணி. இந்தக் காலத்து கேம்களில் எங்கே போக வேண்டும் என்று திரையில் அம்புக்குறி காட்டும். இதில் காட்டாது, ஊர்க்காரர்களிடம் பேசி, அவர்கள் சொன்னதை மண்டையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். மற்ற கேம்கள் ஆடிய வரைக்கும் தானாகவே சேமித்துக்கொள்ளும். இதில் விடுதிக்குள் போய்ப் படுத்தால்தான் சேமிக்கும். காட்டில் தோற்றால் தீர்ந்தது கதை, கடைசியாகப் படுத்த விடுதிக்கே திரும்பி வந்து மறுபடி நடக்க வேண்டும். வசனம் வரும் பெட்டியோ இரண்டே வரி. எழுத்துகள் மொத்தமாக வராது, ஒன்றன்பின் ஒன்றாக டிக் டிக் டிக் என்று வந்து உட்காரும்.

இத்தனை ரோதனையையும் யோசித்துப் பிடிவாதமாக உள்ளே வைத்தவன், அந்தக் கம்பெனியில் கேமை வடிவமைக்கிற ‘தாடி’. அவளைவிட இரண்டு மூன்று வயது சின்னவன். தாடி மட்டும்தான் அவனிடம் அடர்த்தி, மற்றபடி காற்றடித்தால் சாய்கிற உடம்பு. கேம் வெளிவந்ததும் அவனுக்கு வந்த பாராட்டு இருக்கிறதே! ‘துணிச்சல்’ என்றார்கள், ‘பழைய ருசி’ என்றார்கள்.

ஆனால் ஜனங்களுக்குப் பிடித்துப்போனது தாடியை அல்ல, விடுதிக்காரரைத்தான். அடிபட்டு, கூட்டாளிகளெல்லாம் சுருண்டு விழுந்து, கையில் இருந்த மருந்தெல்லாம் தீர்ந்து, திரை இருண்டு, மறுபடி வெளிச்சம் வரும்போது எதிரே அவர்தான் நிற்பார். எத்தனை தடவை போனாலும் ஒரே பேச்சு.

‘வாங்க. உட்காருங்க.
எதுவானாலும் காலையில பாத்துக்கலாம்.’

இந்த விடுதிக்காரர் புராணத்தை முதலில் அவன் கேட்டது கொழுந்தியாளிடம். மனைவியின் தங்கை, மருந்துக்கடையில் வேலை, அக்கா எழுதிய கேம் என்பதால் முதல் வாரமே வாங்கி முடித்துவிட்டவள். அக்கா வீட்டுக்கு வந்த இடத்தில் சோபாவில் உட்கார்ந்து அதையே பேசினாள்.

“என்ன மனுஷன் மாமா அந்த விடுதிக்காரரு! எனக்கெல்லாம் அப்படி ஒருத்தர் கிடைச்சா யோசிக்கவே மாட்டேன், கழுத்த நீட்டிருவேன்.”

“அந்தாளு மேசைய விட்டு நகரவே மாட்டானாமே. கால் இருக்கா இல்லையான்னு பார்த்துக்கோ.”

“கால் எதுக்கு மாமா? வாய் இருக்கே. ‘காலையில பாத்துக்கலாம்’னு ஒரு ஆம்பளை வாயில வருமா? நீங்க சொல்லியிருக்கீங்களா எங்க அக்காகிட்ட?”

அவன் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் முதல் பொறி விழுந்தது. யாரை மனசில் வைத்து எழுதினாள்? ஒரு ஆளைப் பார்க்காமல், ஒரு குரலைக் கேட்காமல் இப்படி எழுத முடியுமா? தன் குரல் இல்லை என்பது அவனுக்கே நிச்சயமாகத் தெரியும். தன் குரல் இல்லை என்றால் அப்புறம் எவன் குரல்?

அந்தக் கேள்விக்குப் பதில் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டு வாசலில் வந்து நின்றது. அட்டைப்பெட்டியில் போட்டு விற்பனைக்கு வந்த கேம் ஒன்றை அவளிடம் கொடுக்கத் தாடி வந்திருந்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

“டேய், செருப்ப அங்கயே விடுடா. வா, கைய கழுவிட்டு வா” என்றாள் அவள். பிறகு உள்ளே திரும்பி, கணவனைப் பார்த்து, “நீங்களும் வாங்க, சாப்பிடலாம்” என்றாள்.

ஒரே மூச்சில் இரண்டும். அவனுக்கு ‘வா’, இவனுக்கு ‘வாங்க’. கையில் தட்டோடு நின்ற முடிச்சிடலாமுக்கு யாரோ காதுக்குப் பக்கத்தில் கொசுவை அறைந்த மாதிரி இருந்தது.

சாப்பிடும்போது மெக்கானிக் மூளையை உபயோகித்துத் தாடியை மடக்கப் பார்த்தான். “ஏம்ப்பா, இப்ப வர்ற வாஷிங் மெஷினெல்லாம் நடுவுல கரண்ட் போனா, வந்ததும் விட்ட இடத்துலேருந்து ஓடுது. நீங்க மட்டும் ஏன் திரும்ப முதல்லேருந்து துவைக்கச் சொல்றீங்க?”

தாடி கோபித்துக்கொள்ளவில்லை. “அழுக்கு போறதுதான் முக்கியம்னா நீங்க சொல்றது சரி அண்ணே. ஆனா எங்க கேம்ல திரும்பி வர்றதுதான் விஷயமே.”

அவள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, “பாத்தியா, எப்பவாவது உருப்படியா பேசுவே” என்றாள். தாடி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். முடிச்சிடலாமுக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே பழைய சங்கதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் அவனை ‘நீ, வா, போ’தான். அவள் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் மெஷின் ரிப்பேருக்குப் போனபோது ஏற்பட்ட பழக்கம். ‘முடிச்சிடலாம்’ என்று இவன் தகட்டைத் தட்ட, ‘முதல்ல திறந்து பாரு, அப்புறம் சொல்லு’ என்று அவள் சொன்னாள். அந்த ‘பாரு’வில்தான் விழுந்தான் பயல். கல்யாணமான புதிதில், வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருக்கும்போது அவள் ‘நீ சாப்பிட்டியா?’ என்று கேட்டுவிட்டாள். பெரியப்பா ஒருவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். “என்னடா, வீட்ல உன்னை வேலைக்கு வெச்சிருக்காளா?” எல்லோரும் சிரித்தார்கள். இவன் காது சிவந்து, அன்றைக்குச் சாயங்காலம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “இனிமே வாங்க போங்கன்னு சொல்லிப் பழகிக்கோ” என்றான்.

“நாலு பேரு இருக்கும்போது மட்டுமா?”

“எப்பவும் ஒரே மாதிரி இருந்துட்டா வம்பில்ல பாரு.”

சரி என்றாள். சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து ‘வாங்க, போங்க’. கொஞ்ச நாள் அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அப்புறம் எப்போதோ, ஜுரத்தில் படுத்திருந்த ஒருநாள், ‘மாத்திரை போட்டீங்களா?’ என்று அவள் கேட்டபோது, வார்டில் நர்ஸ் கேட்கிற மாதிரி இருந்தது. அன்றிலிருந்து உறுத்தல். தானே கேட்டு வாங்கியதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? ‘என்னை வா, போன்னு கூப்பிடு’ என்று, தலை நரைக்கிற வயசில், எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போய்ச் சொல்வது? சொல்லவில்லை. ‘டேய்’ வாங்கிக்கொண்டு கையைக் கழுவப் போகிறான் ஒரு தாடிக்காரன். இவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்தக் கடுப்பு ஒரு பக்கம் இருக்க, இன்னொரு இடி வந்து விழுந்தது. ஊரிலேயே பெரிய லாண்டரி ஒன்றின் மெஷின்களெல்லாம் ஆரம்பத்திலிருந்து அவன் கையில்தான் இருந்தன. அவர்கள் புதிதாக இரண்டு மெஷின் வாங்கினார்கள். அவற்றில் ஒன்று நின்றுபோனது. தட்டிப் பார்த்தான், முடிச்சிடலாம் என்றான். திறந்தால் உள்ளே இருந்த எலக்ட்ரானிக் போர்டு அவனுக்குப் பிடிகொடுக்கவில்லை. இன்றைக்கு முடிச்சிடலாம், நாளைக்கு முடிச்சிடலாம் என்று இழுத்தடித்தான். பொறுத்துப் பார்த்த லாண்டரிக்காரர் மொத்த மெஷின்களையும் வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டார். “முடியலன்னு சொல்லியிருந்தா வேற வழி பார்த்திருப்பேனே” என்று வருத்தத்தோடுதான் சொன்னார். முகம் தொங்கிப்போய் வந்தவன், வீட்டில் மூச்சு விடவில்லை. ‘வேலை எப்படிப் போகுது?’ என்று அவள் கேட்டால், ‘அதுக்கென்ன’ என்பான். தினமும் எப்போதும்போல் கடைக்குப் போனான். அங்கே போய்ச் செய்வதற்குத்தான் பாதி நாள் ஒன்றும் இல்லை.

சும்மா இருக்கிற ஆளுக்குப் பொறாமை நன்றாக வளரும். வளர்ந்து, ஒருநாள் அவனைக் கொழுந்தியாளின் மருந்துக்கடைக்கே இழுத்துக்கொண்டு போனது.

“அந்தக் கேம் மெஷினக் கொஞ்ச நாளைக்குக் குடேன்.”

“உங்களுக்கா? எதுக்கு மாமா?”

“ஒரு கஸ்டமருக்கு… இல்ல, எனக்குத்தான். உங்க அக்கா என்ன எழுதியிருக்கான்னு பாக்க வேணாமா?”

“அக்காகிட்டயே கேக்கலாமே?”

“அவகிட்ட சொல்லாதே. தெரிஞ்சா சிரிப்பா.”

கொழுந்தியாள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கருவியைக் கொடுத்தாள். ஏழாவது ஊர் வரைக்கும் தான் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை என்று பீற்றிக்கொண்டாள்.

கடையில், கழற்றிப்போட்ட டிரம் ஒன்றின் மேல் உட்கார்ந்து அவன் ஆட்டத்தை ஆரம்பித்தான். முதலில் நாயகனுக்குப் பெயர் வைக்கச் சொன்னது. ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான், பிறகு மாற்ற முடியாது என்று எச்சரித்தது. அதுவும் பழைய பாணியாம். அவன் விஷமத்தோடு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ‘தாடி’ என்று வைத்தான். நாலு அடி வைப்பதற்குள் சேற்றிலிருந்து ஒரு தவளை குதித்தது. அதை எப்படி அடிப்பது என்று தெரியாமல் இவன் பொத்தான்களைத் துழாவித் தன் முறைகளையெல்லாம் வீணடிக்க, அது மூன்று அடி அடித்தது.

‘தாடி தோற்றுப்போனான்’ என்றது திரை.

முடிச்சிடலாமுக்கு அப்படி ஒரு சந்தோஷம்! லாண்டரி போனதிலிருந்து அவன் மனசுவிட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். வேண்டுமென்றே இன்னும் இரண்டு தடவை தாடியைத் தவளையிடம் அனுப்பிவைத்தான். அடி, நல்லா அடி என்று தவளைக்கு உற்சாகம் வேறு.

ஆனால் ஒவ்வொரு தடவையும் திரை இருண்டு வெளுக்கும்போது அந்த ஆள் எதிரே நின்றார். டிக். ‘வா’. டிக். ‘ங்’. டிக். ‘க’. கூடவே இவன் வைத்த பெயரும் வரும்: வாங்க, தாடி. உட்காருங்க. எழுத்து ஒவ்வொன்றாக வருவதால், கண் இமைக்கிற நேரத்துக்கு அங்கே வெறும் ‘வா’ மட்டும் நிற்கும். அப்புறம் ‘ங்க’ வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த ‘வா’வைப் பார்க்கும்போது அவனுக்கு உள்ளே ஏதோ ஒன்று எழுந்து நிற்கும், ‘ங்க’ வந்ததும் பேசாமல் உட்கார்ந்துவிடும்.

விளையாட்டாக ஆரம்பித்த தோல்வி பிறகு நிஜத் தோல்வியானது. அம்புக்குறி இல்லாமல் அவனுக்கு வழி தெரியவில்லை. கிணற்றடியில் ஒரு கிழவர் ‘பாலத்துக்குக் கிழக்கே போகாதே’ என்றதை மறந்துவிட்டுக் கிழக்கேதான் போனான். விடுதியில் படுக்க மறந்து ஒரு காலை முழுவதும் நடந்ததைத் தொலைத்தான். கருவியைத் தூக்கி எறியப் போய், கொழுந்தியாளுடையது என்பது ஞாபகம் வந்து இறக்கினான். ‘என்ன எழவு டிசைன்டா இது’ என்று தாடியை வாய்க்கு வந்தபடி திட்டினான். திட்டிவிட்டு மறுபடி ஆடினான். கொஞ்ச நாளில் அவனுக்கே வெட்கமாக இருந்த விஷயம் என்னவென்றால், அந்த விடுதிக்காரர் முகத்தில் விழிக்க அவனுக்குப் பிடித்திருந்தது. எப்படித் தோற்றாய் என்று அவர் கேட்பதில்லை. போர்டை ஏன் முன்பே திறந்து பார்க்கவில்லை என்று கேட்பதில்லை. உட்காருங்க என்கிறார், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். இப்படி ஒரு ஆளைத்தான் அவள் நினைத்து நினைத்து எழுதியிருக்கிறாள் என்று தோன்றியதும் பிடித்ததெல்லாம் கசந்தது. யாரோ ஒருவன் அவளிடம் இப்படி நடந்துகொண்டிருக்கிறான். இல்லாவிட்டால் இது எங்கிருந்து வரும்?

அப்படி ஒரு மத்தியானம், அதே பாலத்தில் மறுபடி அடிவாங்கி, விடுதிக்கு வந்து விழுந்தான். டிக். ‘வா’.

‘ங்க’ வரவில்லை.

கருவி நின்றுவிட்டது என்று நினைத்தான். விரல் முட்டியால் பக்கவாட்டில் இரண்டு தட்டினான், பழக்கம் போகுமா? திரை அதுபாட்டுக்கு ஓடியது.

‘வா, தாடி. உட்காரு.
எதுவானாலும் காலையில பாத்துக்கலாம்.’

முதலில் வந்தது குஷி. மாட்டினான் தாடி! எழுத்துப் பிழை. ‘ங்க’வை முழுங்கிவிட்டான். பெரிய துணிச்சல், பழைய ருசி, ஊரெல்லாம் பாராட்டு; ஒரு ‘வாங்க’வைக் கூட ஒழுங்காகப் போடத் துப்பில்லை. அப்புறம் இரண்டாவது தடவை படித்தான். ‘உட்காருங்க’ இருந்த இடத்தில் ‘உட்காரு’. ஒரு இடத்தில் விட்டுப்போனால் பிழை. இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தால் அது பிழை இல்லையே? யாரோ தெரிந்தே எழுதியது. எழுதுகிறவள் ஒருத்திதான் அந்த ஆபீசில்.

‘வா, தாடி. உட்காரு.’ அவள் எழுத்தில், அவள் குரலில், அவன் கண்ணுக்கு முன்னால். டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தவனுக்கு உடம்பெல்லாம் சுட்டது. அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகத் தேடி வைத்ததே தான்தான் என்பது அந்த நேரத்தில் அவன் மண்டையில் உறைக்கவே இல்லை. பொறாமை அந்த மாதிரி சின்னக் கணக்கையெல்லாம் பார்ப்பதில்லை. கடையை அப்போதே இழுத்து மூடினான்.

அன்றைக்கு அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை; துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஊர் மெஷினையெல்லாம் முடிக்கிறவன் வீட்டு மெஷின் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. துணியைப் பிழியச் சுற்ற ஆரம்பித்தால் தரையில் நடக்கும். ஒரு காலுக்கு அடியில் மடித்த துணியை வைத்து, இடுப்பால் ஒரு முட்டுக் கொடுத்துக்கொண்டு, அவள் கையில் இருந்த தாள்களில் அடுத்த கேமுக்கு வசனம் திருத்திக்கொண்டிருந்தாள். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது.

“என்ன, சீக்கிரம் வந்துட்டீங்க?”

கேட்டே விடுவது என்று வந்தவனுக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது. சுற்றிவளைத்து ஆழம் பார்க்கலாம் என்று முடிவு செய்தான்.

“உங்க கேம்ல ஒரு தப்பு இருக்கு.”

“எந்தக் கேம்ல?”

“அதான், ஊரே தலையில தூக்கி வெச்சு ஆடுதே, அதுலதான். விடுதிக்காரரு ‘வாங்க’ன்னுதானே சொல்லணும்? ‘வா’ங்கறாரு. ‘உட்காரு’ங்கறாரு. ரெண்டு இடத்துல ‘ங்க’வக் காணோம்.”

அவள் தாளைக் கீழே வைத்தாள். “யாரு சொன்னா உங்களுக்கு?”

“யாரு சொல்லணும்? நானே பாத்தேன்.”

“நீங்களா? நீங்க ஆடினீங்களா?” அவள் குரல் ஒரு மாதிரி மாறியது. “அவ்வளவு தடவ தோத்தீங்களா?”

அவன் எதிர்பார்த்து வந்த கேள்வி இது இல்லை. “அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“சொல்லுங்களேன்.”

“தோத்தேன். பாலத்துக்கிட்ட. அதுக்கு முன்னாடி தவளைகிட்ட.”

“தவளைகிட்டயா!” அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவனுக்கு ரோஷம் பொங்கியது. சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்து நீட்டினான். “சிரிக்காதே. இதப் படி. என்ன எழுதியிருக்குன்னு வாய்விட்டுப் படி. ‘வா, தாடி’! அவனுக்குத்தானே எழுதினே? எனக்கு ‘வாங்க’, அவனுக்கு ‘வா’. வீட்லயும் அப்படித்தான், கேம்லயும் அப்படித்தான்.”

அவள் திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “அந்தப் பேர வெச்சது யாரு?”

வழியெல்லாம் கோட்டைபோல் கட்டிக்கொண்டு வந்த வழக்கு அப்படியே பொலபொலவென்று உதிர்ந்தது.

“அது தப்பு இல்ல” என்றாள் அவள். “நான்தான் வெச்சேன். ஜெயிச்சுட்டு உள்ள வர்றவனுக்கு அவரு எப்பவும் ‘வாங்க’தான். மறுபடி மறுபடி தோத்துட்டு வர்றவனுக்கு மட்டும் ஒருநாள் ‘வா’ன்னுடுவாரு. அடிபட்டு வந்தவன்கிட்டப் போய் மரியாதை பேசினா அவன் வெளியாளு மாதிரி ஆயிடுவான்ல? தாடி வேணவே வேணாம்னான். நல்லா ஆடறவன் கண்ணுல படவே படாது, எதுக்கு இதுன்னு சண்டை. ‘கேம் முழுக்க நீ சொன்னபடியெல்லாம் எழுதியிருக்கேன்டா, இந்த ரெண்டு எழுத்து மட்டும் என் இஷ்டம்’னு அவன்கிட்ட நின்னேன். அவன் ஆட்டத்துல அது இதுவரைக்கும் வந்ததே இல்ல. அவனுக்குத்தான் தோக்கவே தெரியாதே.”

தாடிக்கு வராத ‘வா’ தனக்கு வந்திருக்கிறது. அந்த நிலைமையிலும் முடிச்சிடலாமுக்கு உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷம் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. ஆனால் கேட்க வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது.

“அப்ப யார நெனச்சு எழுதினே? அந்த விடுதிக்காரர? அப்படி யாரு உன்கிட்ட பேசினா?”

“யாரும் பேசல. அது நான்தான்.”

“நீயா?”

“நான் சொல்லணும்னு இருந்தது. சொல்றதுக்கு எனக்கு ஆள் வரல. இத்தன வருஷத்துல ஒருநாளாவது நீங்க தோத்துட்டு இந்த வீட்டுக்குள்ள வந்திருக்கீங்களா? எப்பவும் ஜெயிச்ச மாதிரியே வருவீங்க. ஜெயிச்சு வர்றவங்கள ‘வாங்க’ன்னுதானே சொல்ல முடியும்?”

அவன் மெஷின் காலுக்கு அடியில் இருந்த மடித்த துணியைப் பார்த்தான்.

“கடை சாவிக்கு ஒருநாள் வந்தப்ப அந்த நீலத் தார்ப்பாயத் தூக்கிப் பாத்துட்டேன்” என்றாள் அவள், மெதுவாக. “பார்ட்ஸ் வரணும்னு சொன்னீங்க. சரின்னு கேட்டுக்கிட்டேன்.”

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல, பழக்கமான அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்தது. ‘முடிச்சி’ என்று ஆரம்பித்தும் விட்டான். மிச்சம் வரவில்லை. கையில் இருந்த கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“லாண்டரி போயிடுச்சு” என்றான். “மொத்தமா. வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அந்தப் புது போர்டு எனக்குப் புரியல. புரியலன்னு அவங்ககிட்டயும் சொல்லல, உன்கிட்டயும் சொல்லல. தினமும் கடையில உக்காந்து இத ஆடிக்கிட்டிருந்தேன். இதுலயும் தோத்துட்டேன்.”

சொல்லி முடித்துவிட்டு நின்றான். மெஷின் கடைசிச் சுற்றுக்கு வேகம் எடுத்து நடக்கத் தொடங்கியது. அவள் முட்டுக் கொடுக்கவில்லை. அது ஒரு சாண் நகர்ந்து, சுவரில் இடித்து, தானாக ஓய்ந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மூலையில் இருந்த முக்காலியைக் காலால் இழுத்து அவன் பக்கம் தள்ளினாள்.

“வா” என்றாள். “உட்காரு.”

அவன் பழக்க தோஷத்தில் ‘ங்க’வுக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை.